ஆப்இமேஜ் ஏன் மெனுவில் வரவில்லை?

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டதால் பழைய லேப்டாப்பில் உபுண்டு 24.04 லினக்ஸ் போட்டேன். வரைகலை மென்பொருள் ஒன்றை ஆப்இமேஜாக இறக்கினேன். இரட்டைக் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை, மெனுவிலும் காணோம்.
- வாசகர், ஈரோடு

பதில்: ஆப்இமேஜ் நிறுவப்படுவதே இல்லை. மொத்த மென்பொருளும் அந்த ஒரே கோப்புக்குள் இருக்கிறது, எங்கே வைத்தீர்களோ அங்கிருந்தே ஓடும், அப்படியொன்று வந்திருப்பதே சிஸ்டத்துக்குத் தெரியாது. முதலில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸில் அதை இயக்க அனுமதி கொடுங்கள். அப்படியும் ஓடாவிட்டால், ஆப்இமேஜ் திறக்கத் தேவையான லிப்ஃபியூஸ்2 என்ற துணைப்பொதி இல்லாததுதான் காரணமாக இருக்கும். 22.04-லிருந்தே உபுண்டுவுடன் அது வருவதில்லை; 24.04-இல் அதன் பெயர் லிப்ஃபியூஸ்2டி64. யாரோ சொன்னார்கள் என்று வெறும் 'ஃபியூஸ்' பொதியைப் போட்டுவிடாதீர்கள், அது ஃபியூஸ்3-ஐயும் அதை நம்பியிருக்கும் டெஸ்க்டாப் பகுதிகளையும் சேர்த்துத் தூக்கிவிடலாம்.

அப்புறம் மெனு. அதற்கு ஒரு சின்ன 'டெஸ்க்டாப்' கோப்பு வேண்டும்: மென்பொருளின் பெயர், எந்தக் கோப்பை ஓட்டுவது, எந்த ஐகான் என்று நாலைந்து வரிகள்தான். ஓட்டும் வரியில் பாதையை முழுசாக எழுதுங்கள், ஹோமுக்குப் பதிலாக அலைக்குறி போட்டால் வேலை செய்யாது. அதே வரியின் கடைசியில் சதவீதக் குறியும் சின்ன எஃப்-உம் போடுவதைப் பலர் விட்டுவிடுவார்கள். விட்டால், படத்தைக் கிளிக் செய்யும்போது மென்பொருள் திறக்கும், படம் திறக்காது. மணிக்கணக்கில் மண்டை காயும். இதெல்லாம் எதற்கு என்று தோன்றினால், லினக்ஸ் மென்பொருள்கள் கிடைக்கும் ஃப்ளாட்ஹப் தளத்தில் 'கியர் லீவர்' என்று ஒன்று இருக்கிறது, ஆப்இமேஜைக் காட்டினால் மெனுவில் அதுவே சேர்த்துவிடும். நான் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஃப்ளாட்பேக்காகப் போட்ட வீடியோ எடிட்டருக்குப் பென் டிரைவில் இருக்கும் கோப்புகளே தெரியவில்லை. பென் டிரைவ் கெட்டுவிட்டதா?
- வாசகி, திருச்சி

பதில்: இல்லை. ஃப்ளாட்பேக் என்ற பொதி வடிவில் வரும் மென்பொருள்கள் தனிக் கூண்டுக்குள் ஓடுகின்றன, அனுமதித்த இடங்களை மட்டும்தான் பார்க்கும். அந்த அனுமதிகளை மாற்ற உதவும் 'ஃப்ளாட்சீல்' போட்டு, அந்த எடிட்டருக்கு மீடியா கோப்புறையைத் திறந்துவிடுங்கள். சோம்பல்பட்டு மொத்த சிஸ்டத்தையும் திறந்தால் கூண்டு இருந்தும் பிரயோஜனமில்லை.

கேள்வி: கடையின் பழைய பில்லிங் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான். யுஎஸ்பி டாங்கிள் செருகினால்தான் திறக்கும். வைனில் ஓடுமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: 1993-இல் தொடங்கிய வைன், மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. பெரிய விளையாட்டுகளே அதன் வழியாக ஓடுகின்றன, ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டும் புரோட்டானும் வைனின் மேல் கட்டியதுதான். ஆனால் டாங்கிள் கேட்பது விண்டோஸின் டிரைவரை, அங்கே வைன் பெரும்பாலும் கைவிரித்துவிடும். கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் உரிமம் உள்ள விண்டோஸைப் போட்டு, டாங்கிளை அதற்குள் திருப்பிவிட்டுப் பாருங்கள். பில்லிங் தரவை வேறொரு வட்டில் பிரதி எடுத்துக்கொண்டு சோதியுங்கள், கடை திறந்திருக்கும் நேரத்தில் வேண்டாம்.