கணக்கெடுப்பில் சிக்காத மக்களைச் சரியாக மதிப்பிட இருப்பிடத் தரவு உதவுமா?

உதவும். ஆனால் ஆள் எங்கே இருக்கிறார் என்பதோடு, எந்த நேரத்தில் இருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும். திருப்பூர் பக்கம் ஒரு சர்வேயில் மேற்பார்வையாளராக அலைந்தபோது கற்றுக்கொண்டது இது.

நம் நாட்டில் பெரிய சர்வேக்கள் பலவும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்துதான் ஊரையும் பிளாக்கையும் (கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதி) பொறுக்குகின்றன. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வுக்குக்கூட 2011 பட்டியல்தான் அடிப்படை. களத்துக்குப் போனதும் வீடுகளைப் புதிதாக லிஸ்டிங் எடுப்பார்கள், சரி. ஆனால் அந்த லிஸ்டிங்கிலேயே ஆள் விடுபடுவதுதான் பெரிய ஓட்டை.

எங்களுக்கு வந்த பிளாக்கின் கைவரைபடம் ஓர் ஓடையோடு முடிந்துவிட்டது. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் ஓடையை ஒட்டி, பிளாக் எல்லைக்குள்ளேயே, நீளமாக மூன்று தகரக் கூரைகள். போய்ப் பார்த்தோம். பனியன் கம்பெனி ஆட்கள் தங்கும் லைன் வீடுகள். ஒடிசா, பீகார்க்காரர்கள், அறைக்கு ஐந்தாறு பேர். அதையும் பட்டியலில் சேர்த்தோம். அப்புறமும் பேட்டி ஒன்றுகூட வரவில்லை, எல்லாம் 'வீடு பூட்டியிருந்தது'. டேப்லெட்டில் பதிவான ஜிபிஎஸ் புள்ளியையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: எங்கள் ஆட்கள் போனதெல்லாம் காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள். அந்த நேரத்தில் ஷிப்டுக்குப் போனவன் எப்படிக் கதவைத் திறப்பான்? ஞாயிறு மாலை போனோம், துணி காயப்போட்டுக்கொண்டு எல்லோரும் வாசலில் இருந்தார்கள்.

வீட்டை வைத்துப் பிடிக்கவே முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு. 2005-07இல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் நடந்த எச்.ஐ.வி. ஆய்வில் சில குழுக்களுக்கு இடத்தையும் நேரத்தையும் சேர்த்து ஒரு அலகாக வைத்து சாம்பிள் எடுத்தார்கள். பஸ் ஸ்டாண்ட், வெள்ளிக்கிழமை, இரவு 8 முதல் 10 வரை என்றால் அது ஓர் அலகு. இதில் ஒரு சிக்கல்: அங்கே அடிக்கடி வருபவர்தான் அதிகம் மாட்டுவார். அதனால் "போன நாலு வாரத்தில் எத்தனை தடவை இங்கே வந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். நாலு தடவை வந்தவருக்கு, ஒரு தடவை வந்தவருக்குத் தரும் வெயிட்டில் (கணக்கில் தரும் எடை) கால் பங்குதான். இந்தக் கேள்வியை விட்டுவிட்டால் எவ்வளவு துல்லியமான ஜிபிஎஸ் இருந்தும் மதிப்பீடு சாய்ந்துதான் நிற்கும்.

செல்போன் டவர் தரவை மட்டும் நம்புவது எனக்கு ஒப்பாது. ஒரு போனை மூன்று பேர் மாற்றி மாற்றிப் பேசும் அறைகளை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் டேப்லெட்டைக் காட்டி, "இதில் எங்கள் ரூம் போலீசுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். நியாயமான பயம். டிஹெச்எஸ் (பல நாடுகளில் நடக்கும் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகள்) ஆய்வுகளில் ஜிபிஎஸ் புள்ளிகளை வெளியிடும் முன் வேண்டுமென்றே நகர்த்திவிடுவார்கள்: நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் பெரும்பாலும் 5 வரை. எங்கள் சர்வேயில் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.