கொழும்பு வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் காரின் எஞ்சின் ஒயிலை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பொதுக் கணக்கு இதுதான்: மினரல் ஒயில் (கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் சாதாரண ஒயில்) என்றால் 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், முழு சிந்தெடிக் (செயற்கையாகத் தயாரித்த ஒயில்) என்றால் 10,000 அல்லது ஒரு வருடம். எது முதலில் வருகிறதோ அது. வாகனத்தின் கைநூல் வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

ஆனால் கொழும்பில் ஒயிலைக் கெடுப்பது வெயிலைவிட நெரிசல்தான். எஞ்சின் எப்படியும் 90 பாகை செல்சியஸ் அளவில்தான் ஓடுகிறது. வெளியே 27ஆ 32ஆ என்பது அதற்குப் பெரிய விஷயமில்லை. காலையில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலி வீதியில் ஊர்ந்து போங்கள்: கிலோமீற்றர் ஏறாது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தினமும் இப்படித்தான் என்றால் 10,000 என்பதை 7,000 அளவுக்குக் குறைப்பேன்.

ஈரம்? அதுவும் பெரும்பாலும் காற்றிலிருந்து வருவதில்லை. பெற்றோல் எரியும்போது உண்டாகும் நீராவியில் கொஞ்சம் ஒயிலுக்குள் இறங்கிவிடும். ஒயில் நன்றாகச் சூடேறினால் போய்விடும். பிள்ளையைப் பாடசாலையில் விட்டுத் திரும்பும் பத்து நிமிட ஓட்டத்தில் போகாது. அடிக்கடி எஞ்சின் நின்றுவிடும் ஹைபிரிட்டுகளில் இது இன்னும் மோசம். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் பசை இருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். கூடவே எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற்றும் குறைகிறது என்றால், அது ஒயிலுக்குள் கசிகிறதா என்று எஞ்சினின் ஹெட் கெஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒயில் மாற்றிப் பயனில்லை.

அப்புறம், 'ஒயில் கறுத்துப்போச்சு' என்று கராஜில் சொன்னால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். அழுக்கைப் பிடித்து வைத்திருப்பதும் ஒயிலின் வேலைதான். டீசல் வாகனத்தில் மாற்றிய சில நாளிலேயே கறுக்கும்.