புள்ளி அதிகம், விலை குறைவு: என்.பி.ஏ. ட்ரேடு கணக்கு

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் 2022-23 சீசனில் பிராட்லி பீல் ஆட்டத்துக்குச் சராசரியாக 23 புள்ளி எடுத்தார். ஆனால் அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்த வாஷிங்டனுக்கு முழுசாக ஒரு முதல் சுற்று பிக் (ஆண்டுதோறும் புதிய வீரர்களை எடுக்கும் டிராஃப்டில், முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) கூட வரவில்லை. 20 புள்ளிகூட எட்டாத மிகல் பிரிட்ஜஸுக்கு 2024இல் நியூயார்க் நிக்ஸ் அணி ஐந்து முதல் சுற்று பிக் தந்தது. மதிப்பை எப்படித்தான் போடுகிறார்கள்?

பதில்: புள்ளிக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். ட்ரேடில், அதாவது அணிகளுக்கிடையே நடக்கும் வீரர் பரிமாற்றத்தில், கைமாறுவது வீரர் மட்டுமல்ல, அவருடைய ஒப்பந்தமும்தான்.

முதலில், சம்பளத்தை அந்த ஆண்டின் சம்பள உச்சவரம்பால் (ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் அளவு) வகுங்கள். 2023-24இல் வரம்பு 13.6 கோடி டாலர், பீலின் சம்பளம் சுமார் 4.67 கோடி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர் ஒருவருக்கே போய்விடுகிறது. அதுவும் இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு. 2024-25இல் பிரிட்ஜஸின் பங்கு ஆறில் ஒன்றுதான். லீக்கில் நுழைந்த 2018 முதல் ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவர் அவர். பீல் அந்த 23 புள்ளியை எடுத்தது வெறும் 50 ஆட்டங்களில். ஆடாத ஆட்டத்துக்கும் சம்பளம் வரம்பில் ஏறும் என்பதை ரசிகர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

இதே கணக்கில், முதல் சுற்றில் எடுக்கப்பட்ட இளம் வீரர்தான் தங்கம். நான்கு ஆண்டு ஒப்பந்தம், கடைசி இரண்டு ஆண்டும் அணியின் விருப்பம், அதற்குப் பிறகும் வேறு அணி தரும் சம்பளத்தை ஈடுகட்டித் தக்கவைக்கலாம்.

அடுத்தது, யாரால் வாங்க முடியும் என்பது. என்னைக் கேட்டால் இன்று விலையை அதிகம் குறைப்பது இதுதான். லீக்கும் வீரர்களும் 2023இல் போட்ட ஒப்பந்த விதிகளின்படி ‘இரண்டாவது ஏப்ரன்’ என்ற, உச்சவரம்புக்கும் மேலே உள்ள சம்பளக் கோட்டைத் தாண்டிய அணி (2025-26இல் சுமார் 20.8 கோடி டாலர்) இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. அனுப்புவதைவிட ஒரு டாலர் கூடுதலாகவும் ஏற்க முடியாது. ஆகவே 5 கோடி சம்பளக்காரரை விரும்பும் அணிகள் பல இருக்கும், விதி இடம்கொடுக்கும் அணிகள் சிலவே. பீலிடம் ட்ரேடைத் தடுக்கும் உரிமையும் இருந்தது. லீக்கில் எட்டு ஆண்டு, அதில் அதே அணியில் நான்கு ஆண்டு ஆடியவர் மட்டுமே ஒப்பந்தத்தில் கேட்டுப் பெறக்கூடிய உரிமை அது. போகும் இடத்தை வீரரே தேர்ந்தெடுத்தால் ஏலம் எங்கே நடக்கும்?

மீதமுள்ள காலம் குறைந்தாலும் விலை விழும். 2018இல் டொரோண்டோ கவாய் லெனார்டை வாங்கியபோது அவர் ஒரே ஆண்டில் வெளியேறலாம். முந்தைய சீசனில் காயத்தால் ஆடியது 9 ஆட்டம். அதனால்தான் விலை டிமார் டிரோசன், யாக்கோப் பெல்ட்ல் என்ற இரு வீரர்கள், பாதுகாப்பு நிபந்தனையுள்ள (மிக முன்னிடத்தில் விழுந்தால் கைமாறாத) ஒரு பிக்குடன் முடிந்தது. 2019இல் கோப்பை வென்றார், கிளிப்பர்ஸுக்குப் போனார்.

பிக்கின் எண்ணிக்கையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் முதல் சுற்று பிக் இல்லாமல் ஒரு அணி நிற்கக்கூடாது, ஏழு ஆண்டுக்கு அப்பால் விற்கவும் முடியாது. அதனால்தான் நிக்ஸ் தந்த தன் சொந்த பிக்குகள் 2025, 2027, 2029, 2031 என ஒன்றுவிட்டு ஒன்று. இடையில் 2028க்கு இரு அணிகளின் பிக்கையும் மாற்றிக்கொள்ளும் உரிமை. ஐந்தாவது, நிபந்தனையுள்ள மில்வாக்கி பிக். நல்ல அணியின் அடுத்த ஆண்டு பிக் 25ஆம் இடத்துக்குப் பின்னால் விழும், அதற்குப் பெரிய மதிப்பில்லை. நிபந்தனையற்ற 2031தான் சரக்கு. அதற்குள் அந்த அணி சரிந்திருக்கலாம்.

கணக்குப் போடுமுன் தேதியையும் பாருங்கள். கோடையில் புதிதாக ஒப்பந்தம் போட்ட வீரரை வழக்கமாக டிசம்பர் 15 வரை ட்ரேடு செய்யவே முடியாது.