பிரபு நாயகன், காதல், ஒரு கொலை: எதில் தொடங்கலாம்?
வரலாற்றுப் பின்னணி, பிரபு வம்சத்து நாயகன், காதலோடு மர்மமும் உள்ள நாவல் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் படிப்பதென்றால் என் முதல் தேர்வு சி.எஸ். ஹாரிஸின் 'வாட் ஏஞ்சல்ஸ் ஃபியர்' (2005). 1811 லண்டன். தேவாலயத்தில் ஒரு நடிகை கொலையாகிக் கிடக்கிறாள்; அங்கே கிடைத்த கைத்துப்பாக்கி டெவ்லின் பிரபுவுடையது. கைதுக்குத் தப்பி ஓடிக்கொண்டே கொலைகாரனைத் தேடுகிறார், அதுவும் தன்னைக் கைவிட்ட பழைய காதலியின் உதவியோடு. குடும்ப ரகசியங்கள் அடுத்தடுத்த பாகங்களில்தான் அவிழும், அதனால் வரிசை மாற்றிப் படிக்காதீர்கள்.

காதல் மெதுவாகக் கனிய வேண்டுமா? டோரதி சேயர்ஸின் 'ஸ்ட்ராங் பாய்சன்' (1930). பழைய காதலனுக்கு ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாகக் கூண்டில் நிற்கும் ஹாரியட்டிடம் மனதைப் பறிகொடுக்கிறார் பீட்டர் விம்சி பிரபு. சிறைக்கே போய்க் கல்யாணப் பேச்சை எடுக்கிறார்! அவளோ மறுக்கிறாள். சம்மதம் கிடைப்பது 'காடி நைட்' (1935) நாவலில்தான். எழுதிய காலத்தில் இது சமகாலக் கதை, நமக்குத்தான் சரித்திரம்.

அப்புறம், சிரிக்கவும் வேண்டுமென்றால் ஜார்ஜெட் ஹேயரின் 'தி டாலிஸ்மன் ரிங்' (1936). மர்மம் லேசானதுதான், ஆனால் பேச்சு பிரமாதம்.