பதின்ம வயதினருக்கான புற்றுநோய் வார்டு: கேள்வி பதில்

லண்டனில் இப்படிப்பட்ட வார்டு ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

மதுரையிலிருந்து ஓர் அப்பா: 16 வயதுப் பையனுக்குத் தனி வார்டு எதற்கு?

குழந்தைகள் வார்டில் பக்கத்துக் கட்டிலில் மூன்று வயதுக் குழந்தை ராத்திரி முழுக்க அழும். பெரியவர்கள் வார்டில் சுற்றிலும் தாத்தா வயதுக்காரர்கள். இரண்டிலும் அவனோடு பேச ஆளில்லை. முடி கொட்டிய பையன் முதல்முறை தொப்பியைக் கழற்றுவது பெரும்பாலும் இன்னொரு மொட்டைத் தலைக்கு முன்னால்தான். பிரிட்டனில் டீனேஜ் கேன்சர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 1990-ல் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் முதல் வார்டைத் திறந்தது. அவர்கள் கவனிப்பது 13 முதல் 24 வயது வரை.

திருச்சி மாணவர்: இந்த வார்டுகளில் வீடியோ கேம், சோபா என்று காசை வீணாக்குகிறார்களே?

போட்டோவில் அதுதான் வரும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த 17 வயதுக்காரர்கள் குழந்தைகளுக்கான சிகிச்சை முறையில் பிழைக்கும் வாய்ப்பு, பெரியவர்களுக்கான பழைய முறையைவிட அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டின. எந்த டாக்டரிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்பதே உயிர் விஷயமாக இருந்திருக்கிறது. இரண்டு தரப்பு டாக்டர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உண்மையான லாபம். சோபா இருந்துவிட்டுப் போகட்டும்.

பெயர் வேண்டாம் என்ற ஓர் அம்மா: கீமோவுக்கு முன் என் 15 வயது மகனிடம் விந்தணு சேமிப்பது பற்றிக் கேட்டார்கள். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். கூசிப்போய்விட்டது.

கூச்சம் புரிகிறது அக்கா. ஆனால் சில கீமோ மருந்துகள் பிற்காலத்தில் பிள்ளை பெறும் வாய்ப்பையே கெடுத்துவிடும். முதல் டோஸுக்கு முன்பே எடுத்து உறையவைத்தால்தான் உண்டு. உங்கள் முன்னால் கேட்டால் எந்தப் பையனும் தலையைக் குனிந்துகொண்டு "வேணாம்" என்பான். நாங்களும் "அம்மா, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டுத்தான் பேச்சையே எடுப்போம். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம்: கருமுட்டை எடுக்க சுமார் இரண்டு வாரம் ஊசி போட வேண்டும், லுக்கேமியா பெரும்பாலும் அவ்வளவு நாள் தராது.

தனியாகப் பேசும்போது வீடு, படிப்பு, சிகரெட், காதல், மனச்சோர்வு எல்லாம் கேட்போம். உயிருக்கு ஆபத்தானது எதுவும் தெரிந்தால் மறைக்க மாட்டோம் என்பதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம்.

கோவை: சம்மதக் கையெழுத்து யார் போடுவது?

இங்கிலாந்தில் 16 ஆனால் அவர்களே. அதற்குக் கீழே, விஷயத்தை முழுசாகப் புரிந்துகொள்ளும் பிள்ளை என்றால் 1985-ல் கில்லிக் என்ற வழக்கில் வந்த தீர்ப்பின்படி அவர்களே சம்மதிக்கலாம். இந்தியாவில் 18 வரை பெற்றோர் கையெழுத்துதான்.

சேலம்: வீட்டில் தினமும் போட வேண்டிய மெர்காப்டோபியூரின் என்ற லுக்கேமியா மாத்திரையை மகள் ஏமாற்றுகிறாளோ என்று சந்தேகம்.

இந்த வயதில் சகஜம். ஆனால் மாத்திரை அடிக்கடி விட்டுப்போனால் நோய் திரும்பலாம். "போட்டியா?" என்றால் "ம்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எத்தனை விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். திட்டாமல் கேட்டால் எண்ணிச் சொல்வார்கள். சொன்னதை டாக்டரிடமும் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர் டோஸை மாற்றும்போது அது தெரிந்திருக்க வேண்டும்.

திருநெல்வேலி: எங்கள் ஆஸ்பத்திரியில் தனி வார்டு கிடையாது. என்ன கேட்கலாம்?

கட்டிலைச் சுற்றி ஒரு திரை. அதே வயதுப் பிள்ளை இருந்தால் பக்கத்துக் கட்டில். லுக்கேமியா என்றால், குழந்தைகள் முறையா பெரியவர்கள் முறையா, ஏன் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். கேட்கும்போது பிள்ளையும் கூட இருக்கட்டும்.