கால் ஏக்கர் சட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்துப் பஞ்சத்தை 'ஆட்சி உண்டாக்கிய சாவு' என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். உருளைக்கிழங்கில் நோய் விழுந்ததற்கு ஆங்கிலேயர் என்ன செய்வார்கள்? எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நோய்க்கு யாரும் பொறுப்பில்லை. 1845-ல் பெல்ஜியத்திலும் ஹாலந்திலும்கூடக் கிழங்கு அழுகியது. ஆனால் அங்கே பத்து லட்சம் பேர் சாகவில்லை.

செசில் உட்ஹாம்-ஸ்மித்தின் 'தி கிரேட் ஹங்கர்' நூலில் தொடங்குங்கள். 1962-ல் வந்தது. ஆசிரியரின் கோபம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை. அதன் சூடு தணிய கோர்மாக் ஓ கிராடாவின் 'பிளாக் 47 அண்ட் பியாண்ட்' உதவும். கப்பல் கப்பலாகத் தானியம் வெளியே போனதுதான் முழுக் காரணம் என்று நம்மைச் சொல்லவிடமாட்டார். 1847-ல் வெளியே போனதைவிட உள்ளே வந்த தானியமே அதிகம். வாங்கக் கையில் காசில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆண்டுக் கோடையில் அரசின் கஞ்சித்தொட்டிகள் நாளொன்றுக்கு முப்பது லட்சம் பேருக்கு ஊற்றின. ஆகவே முடியாத காரியமல்ல. சில மாதங்களில் அவற்றை இழுத்து மூடினார்கள். கூடவே ஒரு சட்டம்: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது. நம் கணக்கில் 25 சென்ட். நிலத்தை விட்டால் கஞ்சி, விடாவிட்டால் பட்டினி. குடியானவன் எதை விடுவான்? அந்த விதியை முன்மொழிந்த வில்லியம் கிரெகரி பின்னாளில் இலங்கையின் ஆளுநரானார். நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகள் படகு விடும் ஏரிக்கு அவர் பெயர்தான்.

மூன்றாவதாக, நிவாரணத்தை லண்டன் கருவூலத்திலிருந்து நடத்திய சார்லஸ் டிரெவெல்யனே எழுதிய 'தி ஐரிஷ் கிரைசிஸ்'. சிறிய நூல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பஞ்சம் முடிந்துவிட்டது என்ற தோரணையில் 1848-ல் எழுதியிருக்கிறார். அதன் பிறகும் சில ஆண்டுகள் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். வசைச் சொல் ஒன்றுகூட இல்லாத, நல்ல குமாஸ்தாவின் நடை. மற்ற இரண்டையும்விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான்.

இதே டிரெவெல்யன் 1859-ல் சென்னை ஆளுநராக வந்தார். சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்கை அமைத்தவர் அவர்தான். மக்கள்மீது புதிய வரி கூடாது என்று பகிரங்கமாக எதிர்த்து, மறு ஆண்டே பதவியையும் இழந்தார். இந்த இரண்டு மனிதர்களையும் எனக்கு இன்னும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. நூலைப் படித்துவிட்டு எழுதுங்கள்.