எட்டு ஆறுகள் பிறக்கும் மலை: வாசகர் கேள்வி–பதில்

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது, மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் போக்கஹான்டஸ் கவுண்டி என்ற மலைப்பகுதியில் நான்கு நாள் தங்கியதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகள்தான் இந்த முறை.

அந்த இடம் எப்படி இருக்கும்? ஊட்டியோடு ஒப்பிட்டுச் சொன்னால் எங்களுக்குப் புரியும். (வாசகி, கோயம்புத்தூர்)

கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. பரப்பளவில் இதுவும் நீலகிரி மாவட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். ஆனால் 2011 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை 7,35,394. போக்கஹான்டஸில் 2020 கணக்கெடுப்புப்படி 7,869 பேர். நம் பக்கத்தில் ஒரு பெரிய கிராமத்திலேயே அத்தனை பேர் இருப்பார்கள்!

உயரத்தில் ஊட்டிதான் பெரியது. அங்கே பால்ட் நாப் என்ற சிகரமே 4,842 அடிதான். ஆனாலும் வடக்கே தள்ளி இருப்பதால் குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டும்.

முப்பது வருடம் புவியியல் பாடம் எடுத்தவள் நான். என்னைக் கட்டிப்போட்டது அங்கே பிறக்கும் ஆறுகள். கிரீன்பிரையர், காலி, எல்க், செர்ரி, கிரான்பெரி, வில்லியம்ஸ், டைகார்ட், ஷேவர்ஸ் ஃபோர்க் என்று எட்டு. எல்லாம் சுற்றிவளைத்து ஒஹாயோ ஆற்றில் சேர்ந்து, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகின்றன. கிழக்கே முகட்டைத் தாண்டி விழும் மழை அட்லாண்டிக் கடலுக்குப் போய்விடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பக்கத்துத் தண்ணீர் காவிரிக்கும் மறுபக்கத்துத் தண்ணீர் அரபிக்கடலுக்கும் போகிற அதே கதை. ஒரு வளைவில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். பாசி பிடித்த பாறைக்கடியிலிருந்து, கை அகலம்கூட இல்லாத நீர் பெரணிச் செடிகளுக்கு நடுவே நெளிந்து போய்க்கொண்டிருந்தது. விரல் வைத்தால் ஜில்லென்று எலும்பு வரை ஏறியது. கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன், ஆறு பிறக்கிற இடத்தை!

அந்த ஆறுதான் கோபமும் கொள்ளும். கிரீன்பிரையர் கரையில் இருக்கும் தலைமையூர் மார்லின்டனை 1985-லும் 1996-லும் வெள்ளம் மூழ்கடித்திருக்கிறது.

அங்கே கைபேசி எடுக்காது என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவிலா? நம்பவே முடியவில்லை. (வாசகர், திருச்சி)

நம்புங்கள். அங்கே கிரீன் பேங்க் என்ற ஊரில் பெரிய வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. விண்மீன் கூட்டங்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்கும் காது அது. அந்த அலைகள் அவ்வளவு மெல்லியவை. பக்கத்தில் ஒரு கைபேசி பேசினால்கூட அமுங்கிப்போகும். அதனால் 1958-ல் அமெரிக்க அரசு சுமார் 13,000 சதுர மைலை ரேடியோ அமைதி மண்டலம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் நாலில் ஒரு பங்கு! மண்டலம் முழுவதும் ஒரே கெடுபிடி கிடையாது. தொலைநோக்கியை நெருங்க நெருங்கத்தான் இறுகும்.

வேற்றுலகத்தாரின் குரல் கேட்கிறதா என்று ஃபிராங்க் டிரேக் என்ற வானியல் விஞ்ஞானி 1960-ல் முதன்முதலாகக் காது வைத்துப் பார்த்ததும் இங்கேதான். அப்புறம் கட்டிய 300 அடித் தொலைநோக்கி 1988 நவம்பரில் ஓர் இரவு அப்படியே சரிந்து விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை. 2000-ல் திறக்கப்பட்ட இப்போதைய தொலைநோக்கியின் தட்டு மட்டும் 100 மீட்டர் அகலம். சுதந்திர தேவி சிலையைவிட உயரமான அந்த இரும்பு மலை, வானத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும்.

பார்க்கப் போகிறவர்களை டீசல் பேருந்தில்தான் ஏற்றுகிறார்கள். பெட்ரோல் இன்ஜினில் பொறி பறக்கிற பிளக் இருக்கிறதல்லவா, அந்தப் பொறியும் ரேடியோ அலையைக் கிளப்புமாம். டிஜிட்டல் கேமராவையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. தட்டுக்கு எதிரே இறங்கி நின்றபோது, எங்கேயோ தூரத்தில் ஒரு பசு கத்தியது அத்தனை தெளிவாகக் கேட்டது. நான்காம் நாள் திரும்பும் வழியில் மலையைத் தாண்டியதும், காரில் இருந்த மூன்று கைபேசிகளும் சொல்லிவைத்தாற்போல் அலறின. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மக்கள் ஏன் அவ்வளவு குறைவு? (வாசகர், திண்டுக்கல்)

முக்கியமான கேள்வி. 1920-ல் அங்கே சுமார் 15,000 பேர் இருந்தார்கள். இன்று அதில் பாதிதான். காரணம் தெரிய வேண்டுமானால் காஸ் என்ற ஊருக்குப் போக வேண்டும்.

1901-ல் ஒரு காகிதக் கம்பெனி உண்டாக்கிய ஊர் அது. மலை மேலிருந்த சிவப்பு ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களை வெட்டி இறக்கினார்கள். அதற்காகவே ஷே என்ற நீராவி இன்ஜின். குன்னூர் ரயிலுக்கு நடுவில் பல்சக்கரத் தண்டவாளம் உண்டு. இதற்கு அது கிடையாது. எல்லா அச்சுக்கும் பல்லிணை வழியாக விசை போவதால் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. ஓரிடத்தில் வளைய இடமில்லாமல், வண்டி முன்னே போய், அடுத்த தடத்தில் பின்னோக்கி ஏறி, மறுபடி முன்னே போகிறது. இன்றும் சுற்றுலாவுக்காக அந்த ரயிலை ஓட்டுகிறார்கள். கரித்துகள் தலையில் விழ உட்கார்ந்திருந்தேன். கீழே தொழிலாளர்களுக்காகக் கட்டிய வெள்ளை மரவீடுகள் வரிசையாகத் தெரிந்தன.

மரம் தீர்ந்தது. மலை மொட்டையானது. 1960-ல் மரம் அறுக்கும் ஆலையை மூடினார்கள். கிரீன்பிரையர் ஆற்றை ஒட்டி ஓடிய ரயிலும் 1978-ல் நின்றது. அந்தத் தடம் இப்போது 78 மைல் நடைபாதை. இன்று கவுண்டியில் பாதிக்கு மேல் அரசுக் காடு. வெட்டிய இடத்தில் மறுபடி வளர்ந்த காடுதான் பெரும்பாலும். நாம் பார்த்து மயங்குகிற அந்தப் பச்சைக்கும் அமைதிக்கும் பின்னால், பிழைப்புத் தேடிக் கிளம்பிப்போன ஏழாயிரம் பேரின் கதை இருக்கிறது. விஞ்ஞானிகள் தொலைநோக்கிக்கு இடம் தேடியபோது, சுற்றிலும் மலைச்சுவரும் ஆள் குறைந்த பள்ளத்தாக்கும் தயாராக இருந்தன.

எழுத்தாளர் பேர்ல் பக் அந்த ஊர்க்காரரா? (வாசகி, மதுரை)

ஆமாம். 1892-ல் ஹில்ஸ்பரோவில், அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில் பிறந்தார். சில மாதக் குழந்தையாகவே சீனாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1938-ல் நோபல் பரிசு. அந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

சாப்பாடு என்ன? எப்போது போகலாம்? (வாசகி, சேலம்)

நாங்கள் போனது ஏப்ரலில். அது ராம்ப் பருவம். வெங்காய வாசமும் பூண்டு வாசமும் கலந்த காட்டுக்கீரை அது. உருளைக்கிழங்கோடு வதக்கித் தருகிறார்கள். தேவாலயங்களிலும் தீயணைப்பு நிலையங்களிலும் இதற்காகவே ஊர் விருந்து வைப்பார்கள். நாங்கள் தங்கிய வீட்டு அம்மா, வேரில் மண் ஒட்டிய ஒரு கீரைக்கட்டை என் கையில் வைத்து, "பாதியை மண்ணிலேயே விட்டுவிட்டுத்தான் பிடுங்குவோம், அடுத்த வருஷம் வேண்டுமே" என்றார். பூண்டுக் குழம்பு வைக்கலாமா என்று கேட்டேன். உடனே அடுப்பைக் காட்டினார். புளி என் பையில் இருந்தது, வைத்துவிட்டேன்.

இலை நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் தொடக்கத்தில் போங்கள். வரைபடத்தை மட்டும் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.